இருபத்தொரு சங்கு

கிரிம்ஷா கம்பெனி பருத்தி மில்லின் சங்கு காலையில் ஊதினால், பாளையம்பட்டியில் உறை ஊற்றிய பால்கூட பயந்துபோய் ஒரு நாழிகை முன்னதாகவே தயிராகிவிடும். அடைகாக்கும் கோழி எழுந்து அட்டென்ஷனில் நிற்கும். அருப்புக்கோட்டை எல்லையில் ஊதுகிற சங்கு, காற்று தோதாக இருந்தால் திருச்சுழியில் கேட்கும். காற்று இன்னும் கொஞ்சம் மனசு வைத்தால் தூத்துக்குடிக் கடலுக்குள் போகிற மீன் திரும்பிப் பார்க்கும்.

யுத்த காலம். கொதிகலனுக்கு விறகு மிச்சம் பிடிக்கச் சொல்லி உத்தரவு. அதனால் சங்கை நாளுக்கு ஒரே ஒரு தடவையாகக் குறைத்து, மத்தியானத்துக்கும் அந்திக்கும் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு சுத்தியலால் தட்டினார்கள். ஒரு தடவைதான் என்றானதும் காலைச் சங்குக்கு மவுசு கூடிவிட்டது. மருமகள் எழுந்திரிக்கவில்லை என்றால் மாமியார் அவளைத் திட்டுவதில்லை; "சங்கு ஊதியாச்சு" என்று மட்டும் சொன்னால் போதும்.

ஜெயக்கொடிக்கு அந்தச் சங்கைக் கண்டால் ஆகாது. தினமும் அவள் புருஷனை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற சத்தம் அது.

வேதமுத்து அந்த மில்லில் பிரஸ் மேஸ்திரி. விதை நீக்கி அரைத்து வருகிற பஞ்சை இறுக்கி, இரும்புப் பட்டை போட்டு, பேல் பேலாகக் கட்டிக் கப்பலுக்கு அனுப்புகிற பொறுப்பு. பங்குனி பிறந்துவிட்டால் கரிசக்காட்டுப் பருத்தி முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு மில் வாசலுக்கு வந்துவிடும். முதல் வண்டி வாசலில் நிற்கும்போது கடைசி வண்டிக்காரன் இன்னும் தன் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பான்; அவ்வளவு நீளம் வரிசை. வேதமுத்து வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் பஞ்சு ஒட்டி, மூன்று மாதத்துக்கு அவன் கிழவனாகத்தான் திரிவான். ஒரு நாள் அவன் தும்மியதில் பச்சைப்பிள்ளைக்கு ஒரு தலையணை தேறியது என்று ஜெயக்கொடி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

இந்த வேலையே நாலு ஆளைத் தின்றுவிடும். அவனோ இதற்கு மேல் இன்னொன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சம்பளம் இல்லாத வேலை. நரம்புச்சிலந்தி எடுப்பது.

கோடையில் இந்தச் சீமையில் படிக்கிணற்றின் அடியில் இறங்கி, காலை நனைத்து நின்றுகொண்டுதான் தண்ணீர் மொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு மறு கோடையில் காலில் ஒரு கொப்புளம் எழும்பும். கொப்புளம் உடைந்தால் வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். அந்தத் தலையைப் பருத்திமார்க் குச்சி, அதாவது காய்ந்த பருத்திச்செடியின் குச்சி ஒன்றில் கட்டி, நாளுக்கு ஒரு சுற்று, அதுவும் பதமாகச் சுற்ற வேண்டும். முழுசும் வெளியே வர ஒரு மாதமும் ஆகும், கூடவும் ஆகும். ஆத்திரப்பட்டு இழுத்தால் உள்ளேயே அறுந்துபோகும். கால் பூசணிக்காயாக வீங்கிவிடும். வேதமுத்துவின் அண்ணன் அமிர்தராஜுக்கு யாரோ அப்படி இழுத்துவிட்டதில்தான், அவர் முழங்கால் மடங்காமல், குமாரலிங்கபுரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து வேதமுத்து எவர் காலையும் சும்மா பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணும்போதுகூட அவன் கண் முன்வரிசைக்காரர்களின் கணுக்காலில்தான் இருக்கும்.

இரும்புப் பட்டையை முறுக்குகிற அதே கை, சிலந்தியைச் சுற்றும்போது பூவைத் தொடுகிற மாதிரி தொடும். சுற்றிவிட்டு விளக்கெண்ணெய் தடவி, வேப்பிலை வைத்துக் கட்டுவான். காசு வாங்க மாட்டான். முட்டை, மொச்சை எது கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவான். கத்தரிக்காயை மட்டும் ஜெயக்கொடி கொல்லைப்புறமாக வாங்கிக்கொள்வாள். கத்தரிக்காய் அவளுக்குப் பிடிக்கும்.

தொல்லை என்னவென்றால், பருத்திக்கும் கோடைதான் காலம். சிலந்திக்கும் கோடைதான் காலம். இருட்டோடு எழுந்து பாளையம்பட்டித் தெருக்களைச் சுற்றி, வண்டிப்பேட்டையில் படுத்திருக்கிற வண்டிக்காரர்களைத் தொட்டு, வேர்க்க விறுவிறுக்க மில்லுக்கு ஓடுவான். ஓடினாலும் பிந்தும்.

மானேஜர் சண்முகவேல் கெட்டவர் இல்லை. அவர் முதலில் கட்டிக்கொண்டது கைக்கடிகாரத்தை. மனைவி கோகிலாம்பாள் இரண்டாம் தாரம் மாதிரிதான். ஒரு வாரத்தில் மூன்றாவது தடவை பிந்தியபோது வேதமுத்துவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். அன்று அந்தியில் கம்பங்களியைத் தட்டில் போட்டுக்கொண்டே ஜெயக்கொடி கேட்டாள்.

"மானேஜர் என்ன சொன்னாக?"

"வேலையில கண்ணா இருன்னாக."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"நல்லா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

வேதமுத்து கருவாட்டுக் குழம்பைப் பார்த்துச் சொன்னான். "இன்னொரு நா பிந்துனா லைன் வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போயிருன்னாக. சிலந்தி புடிக்கிறவனுக்குக் கம்பெனி வீடு எதுக்குன்னு கேட்டாக."

"நியாயந்தான கேட்டிருக்காக! சாவியக் குடுத்துட்டு எங்க போறது? ஒங்க அண்ணன் வீட்டுல போயி நாமளும் கயிறு திரிப்பமா?"

"அதுக்காகப் பாதி சுத்துன சிலந்திய எப்படிப் புள்ள விடுறது? அது அவுக காலு."

"அவுக காலு, ஒங்க கம்பெனி, எந் தலையெழுத்து! ஏன், அவுகளுக்குக் கையி இல்லையா? அவுகளே ஒரு சுத்து சுத்திக்கிட்டா என்ன?"

"கையி இருக்கு. அதுதான் வம்பு. அரிக்கும்போதெல்லாம் சுத்திருவாக. நாளுக்கு ஒண்ணுன்னு சொன்னா, அடுத்த நா எப்ப வருதுன்னு அவுக சௌகரியத்துக்கு வச்சுக்கிருவாக. போன வருசம் ஒருத்தன் மத்தியானம் தூங்கி முழிச்சதையே மறுநாளுன்னு கணக்கு வச்சுட்டான்."

"அப்ப நீங்க ஏன் ஊர் ஊரா ஓடணும்? ஒங்க கம்பெனிச் சங்குதான் தெனமும் ஊர் ஊராப் போகுதே. அதச் சுத்தச் சொல்லுங்க!"

கோபத்தில் சொன்ன சொல். களி உருண்டை வேதமுத்துவின் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"திருப்பிச் சொல்லு புள்ள."

"களியத் தின்னுங்க."

"இல்ல, திருப்பிச் சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊர் ஊராக நடந்து சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்தான். "சங்கு ஊதுனா ஒரு சுத்து. ஊதாமச் சுத்தப்படாது." அவ்வளவுதான் சட்டம். சர்க்கார் போட்ட எந்தச் சட்டத்துக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. மறுநாள் காலை சங்கு ஊதியதும் பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரைக்கும் குனிந்த முதுகுகளாகத்தான் தெரிந்தன. பறக்கிற காக்கைக்கு, ஊர் மொத்தமும் தன்னைக் கும்பிடுவதாகத் தோன்றியிருக்கும். அரிப்பெடுத்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் சங்குக்குக் காத்திருந்தார்கள். வேதமுத்து சங்குக்கு முன்னாலேயே மில் வாசலில் நின்றான். மானேஜர் கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து புதுசாக வந்தவர்களுக்குக் குச்சி கட்டி, பழைய புண்களுக்குக் கட்டு மாற்றிவிட்டு, களியை விழுங்கிவிட்டு ஓடுவான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மானேஜர் வீட்டுக் கோகிலாம்பாள், முருங்கைக்கீரை வேண்டும் என்று ஜெயக்கொடியைக் கூப்பிட்டு அனுப்பினாள். கீரையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கணுக்காலுக்கு மேலே வெள்ளை நூல்.

"போன கோடையில அம்மா வீட்டுக்குப் போனேன் ஜெயக்கொடி. திருச்சுழிப் பக்கந்தான். அந்தக் கெணத்துத் தண்ணி."

"ஐயாகிட்டச் சொன்னீகளா?"

"சொல்லுவேனா? மில்லுக்குள்ள சிலந்திப் பேச்சே ஆகாதுன்னு சட்டம் போட்டவுக. வீட்டுக்குள்ளயே இருக்குன்னா மொகத்த எங்க கொண்டுபோயி வப்பாக? ஒன் வீட்டுக்காரருக்கும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

ஜெயக்கொடி வேதாகமத்தின் மேல் சத்தியம் பண்ணுகிற வழக்கமில்லை என்று சொல்லிவிட்டு, முருங்கைக்கீரையின் மேல் பண்ணினாள். தினமும் பார்த்துப் பழகிய கையால் அவளே குச்சியும் கட்டினாள். "சங்கு ஊதுனா ஒரு சுத்தும்மா. ஊதாமச் சுத்தப்படாது."

இப்படி ஒரு மாதம் போல மில்லும் ஓடியது, சிலந்தியும் சுற்றியது.

சித்திரை கடைசியில் ஜெர்மன் யுத்தம் முடிந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஓணான் நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு பேர், வேதமுத்து மத்தியானம் வந்து கட்டு மாற்றுவான் என்று காத்திருந்தார்கள். ஒருத்தி மில்லில் பருத்தி பொறுக்குகிற சங்கரம்மாள். அவள் முழங்காலுக்குக் கீழே இருந்த சிலந்தி, குச்சியில் ஏறியது போக இன்னும் உள்ளே பாதி கிடந்தது. முழுசும் வந்தால் ஒரு துண்டு நெய்யப் பாவு போடலாம் என்று வேதமுத்துவே சொல்லியிருந்தான். இன்னொருவர் பருத்தி வியாபாரி மீரா சாகிபு. அவருக்குக் குதிகாலில்.

"ஏ ஜெயக்கொடி, மில்லுல என்ன கொடி கட்டுறாக?" என்றார் மீரா சாகிபு.

"யுத்தம் ஜெயிச்சுட்டாகளாம், மாமா."

"நல்லதாப் போச்சு. மண்ணெண்ணெய் கெடைக்குமா?"

"அதச் சொல்லல."

அப்போது சங்கு ஊதியது. மத்தியானத் தண்டவாளம் தட்டுவதற்கு முன்பே, ஒரு காரணமும் இல்லாமல், முழு மூச்சோடு ஊதியது. ஜெயக்கொடி நிமிர்ந்து பார்ப்பதற்குள் சங்கரம்மாள் குனிந்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள். மீரா சாகிபும் சுற்றிவிட்டார்.

"என்ன தாயி, இன்னைக்கு ரெண்டு பொழுதா விடியுது?" என்றார் அவர்.

சங்கு மறுபடி ஊதியது. இரண்டு பேரும் மறுபடி குனிந்தார்கள்.

"ஏ நிப்பாட்டுங்க! அது வேற சங்கு!"

"சங்குல என்ன மதினி வேற சங்கு?" சங்கரம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அண்ணன் சொன்னது சொன்னதுதான். ஊதுனா ஒரு சுத்து. நீங்க குறுக்க பேசாதீக."

"அறுந்துரும்டி!"

"அண்ணனுக்குத் தெரியாதா?"

சிலந்தி வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இதே நேரத்தில் வண்டிப்பேட்டையில், பருத்தி பொறுக்குகிற கொட்டகையில், திருச்சுழி வரைக்கும் எத்தனை கை எத்தனை குச்சியைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்று ஜெயக்கொடி நினைத்துப் பார்த்தாள். சங்குக்குச் சுற்றச் சொன்னது அவளுடைய வாய்.

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அடுப்படியிலிருந்து கூழ்ப்பானையைத் தூக்கிவந்து சங்கரம்மாளின் இரண்டு கையிலும் கொடுத்தாள். "கீழ வச்சா பானை ஒடஞ்சுரும். நான் வாறவரைக்கும் புடிச்சுக்க." பஞ்சாரத்தைத் திறந்து இரண்டு கோழியைப் பிடித்து மீரா சாகிபின் கைக்கு ஒன்றாகத் திணித்தாள். "விட்டா நரி கொண்டுபோயிரும் மாமா."

"பட்டப்பகல்ல எங்கயிருந்துமா நரி வருது?" என்று அவர் கேட்டபோது அவள் தெருவில் இருந்தாள்.

மூன்றாவது சங்கு அவளை மில் ரோட்டில் பிடித்தது. கரிசல் புழுதி காலைச் சுட்டது. ரோட்டோரம் ஒரு வண்டிக்காரன் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று முனகிக்கொண்டே சுற்றினான். "சுத்தாதீக!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நாலாவது சங்கு வாசலில். காவலாளி தடுக்கப் பார்த்தான். அவள் தள்ளியதில் அவன் பேல் மேல் போய் உட்கார்ந்தான். 

கொதிகலன் அறையில் பால்ச்சாமி நின்றான். சங்குக் கயிற்றை இழுக்கிறவன் அவன்தான். ஒரு கை கயிற்றில். இன்னொரு கை அவன் கெண்டைக்காலில் இருந்த குச்சியில். ஐந்தாவது சங்கை இழுத்தான். இழுத்துவிட்டுக் குனிந்தான்.

"ஏலே பால்ச்சாமி, ஊதுறதும் நீயி, சுத்துறதும் நீயா?"

"என்ன மதினி செய்ய?" அவன் முகம் வேர்வையில் எண்ணெய் வைத்த மாதிரி மின்னியது. "ஊதச் சொன்னது மானேஜரு. சுத்தச் சொன்னது அண்ணன். ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கணும்ல."

பக்கத்தில் மானேஜர் சட்டையில் காகிதக் கொடி குத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆறாவது ஊது. பொம்பளைய யாரு உள்ள விட்டது?"

பிரஸ் கொட்டகைச் சத்தத்துக்குள் இருந்த வேதமுத்துவுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஜெயக்கொடியின் குரல் மட்டும் கேட்டது. அது பிரஸ்ஸையும் மீறும். பஞ்சு பறக்க ஓடிவந்தான். பால்ச்சாமியின் காலைப் பார்த்தான். ஒரு பார்வைதான். கயிற்றுக்கும் பால்ச்சாமிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

"இனி ஊதப்படாதுய்யா."

"என்னது?"

"ஒவ்வொரு சங்குக்கும் ஒவ்வொரு கால் போகுதுய்யா."

"வேதமுத்து, தூத்துக்குடியிலருந்து துரை தந்தி அடிச்சிருக்காக. எல்லாக் கிளையிலயும் இருபத்தொரு சங்கு. நான் அஞ்சுல நிப்பாட்டுனா, நம்ம மட்டும் ஜெர்மன்காரன் பக்கம்னு எழுதிருவாக. விலகு. ராத்திரி வண்டிக்குப் பேல் வேற கெடக்கு. ஒனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேதமுத்து எச்சிலை விழுங்கினான். ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். அந்த ஒரு விழுங்கலில் லைன் வீடு, வேப்பமரம், பஞ்சாரம் எல்லாம் இறங்கியது அவளுக்குத் தெரிந்தது.

"வேலை வேணும்யா," என்றான். "வேலை வேணும்னுதான சுத்துற கணக்கச் சங்குல கட்டுனேன். வேண்டாம்னு நெனச்சிருந்தா நானே தெருத்தெருவாச் சுத்திக்கிட்டு இருந்திருப்பேன். ஆனா இப்ப விலக மாட்டேன்."

"அப்ப சாவியக் கொண்டா."

வேதமுத்து மடியைத் தடவினான். சாவி எடுக்கத்தான் தடவினான். கை அங்கே போனதைக் கண்டதும் ஜெயக்கொடி முருங்கைக்கீரைச் சத்தியத்தை உடைத்துவிட்டாள்.

"ஐயா, ஆறாவது ஊதுறதுக்கு முன்ன வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க. அம்மா கணுக்காலப் பாருங்க. அவுகளும் இந்தச் சங்குக்குத்தான் சுத்துறாக."

மானேஜர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மில் கட்டிய நாளிலிருந்து அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடும்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதையும் எல்லோரும் கவனித்தார்கள்.

திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தார். சட்டையில் கொடி இல்லை.

"அஞ்சு சுத்தும் சுத்தியிருக்கா," என்றார். "பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. சத்தம் போட்டா நான் கண்டுபிடிச்சுருவேனாம்."

"அறுந்துருச்சாய்யா?"

"தெரியல. நான் தொடல. நீ வா."

அறுந்திருக்கவில்லை. வேதமுத்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு நனைத்து, அந்த அஞ்சு சுற்றையும் தளர்த்தி, வேப்பிலை வைத்துக் கட்டினான். கோகிலாம்பாள் புருஷன் முகத்தைப் பார்க்காமல், ஜெயக்கொடியைப் பார்த்து, "கீரை இனிமே வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது சிரித்துவிட்டாள்.

வாசலில் மானேஜரின் சைக்கிள் நின்றது. அதைத் துடைக்கத் தனி ஆள் உண்டு. மழை வந்தால் அவர் நனைவார், சைக்கிள் நனையாது. அந்தச் சைக்கிளை வேதமுத்து பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கிட்டுப் போயி எல்லாத்தையும் பாத்துட்டு வா. ஆனா அந்திக்குப் பிரஸ்ஸுல நிக்கணும். பேல் போயாகணும்."

"நிப்பேன்யா."

"துரைக்கு நான் என்னன்னு எழுத? பதினாறு சங்கு பாக்கி நிக்கிது."

வேதமுத்து சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு யோசித்தான். "நாளைக்குக் காலையில ஒண்ணு, நாளான்னைக்கு ஒண்ணுன்னு ஊதிக் கழிச்சுருவோம்யா. எப்படியும் ஊதுற சங்குதான. ஜெயிச்ச யுத்தம் எங்க ஓடிப்போகுது?"

ஜெயக்கொடி வீட்டுக்குத் திரும்பியபோது சங்கரம்மாள் கூழ்ப்பானையோடு அப்படியே இருந்தாள். மீரா சாகிபின் இரண்டு கையிலும் கோழிகள் தூங்கிக்கொண்டிருந்தன. "நரி வரல தாயி," என்றார் அவர் ரொம்ப மரியாதையாக. 

அன்றைக்கு அந்தச் சைக்கிள் போன வேகத்தில் அதன் நிழல் பின்தங்கிப்போய், வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. கரிசக்காட்டுப் பாதையில் ஊர் ஊராக இறங்கி, இறுகினவற்றையெல்லாம் தளர்த்தினான். ரோட்டோரம் நின்ற அந்த வண்டிக்காரனுக்கும் இன்னொருவனுக்கும் மட்டும் அறுந்துவிட்டது. இன்னொருவனுக்குச் சீக்கிரம் ஆறிவிட்டது; வண்டிக்காரனுக்கு ஆடி வரைக்கும் கால் வீக்கம் இறங்கவில்லை. வேதமுத்து அவனுக்காக மட்டும் தினமும் இருட்டோடு எழுந்து போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வந்தான். அதற்காக ஒரு நாளும் பிந்தவில்லை. அந்த வண்டிக்காரனின் வண்டியை அந்த சீசன் முழுவதும் மீரா சாகிபின் ஆள்தான் ஓட்டினான்.

சொன்னபடி அன்று அந்தி விழுந்தபோது வேதமுத்து பிரஸ்ஸில் நின்றான். ஜெயக்கொடி களியை மில்லுக்கே கொண்டுபோனாள். ஒரு கையால் பட்டையை முறுக்கிக்கொண்டு இன்னொரு கையால் தின்றான். பேல் ராத்திரி வண்டிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் மானேஜர் கொதிகலன் அறைக்கு வந்து நின்று, சங்கு ஊதி முடிந்ததும், "ஆறு" என்றார். அதற்கு அடுத்த நாள் "ஏழு." தூத்துக்குடிக்கு அவர் பொய் எழுத மாட்டார்; இருபத்தொன்றையும் ஊதித்தான் தீர வேண்டும் என்று தினமும் வந்து நின்றார். எண்ணி முடித்ததும் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். ஜன்னலில் கோகிலாம்பாள் ஒரு விரலைக் காட்டுவாள். ஒரு சுற்று.

உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் வெற்றியை ஒரே நாளில் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். அருப்புக்கோட்டைச் சீமைக்கு மட்டும் தினம் ஒன்றாகப் பதினாறு நாள் வெற்றி வந்தது. இருபத்தோராவது சங்கு ஊதிய காலையில் சங்கரம்மாள் ஒரு சுற்று சுற்றினாள். ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. குச்சியைத் தூக்கிப் பார்த்தாள். முழுசாக, வால்நுனி வரைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, தெருவே பார்க்க மில் வரைக்கும் நடந்துவந்து, பிரஸ் கொட்டகை வாசலில் நின்று உள்ளே இருந்த வேதமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே! யுத்தம் முடிஞ்சுபோச்சு!"